பன்னிரண்டாவது விண்ணப்பம்

"பதினோரு விண்ணப்பம் போட்டுட்டேம்மா. பதினொண்ணும் போன வழியே திரும்பி வந்துடுச்சு" என்றார் சிங்கராயர்.

மெகருன்னிசா ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியை இறக்கினாள். வெளிச்சம் ஒரு கோடாக ஓடி மறைந்தது.

"உட்காருங்க சார்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் தடித்த கோப்பு. வயது ஐம்பத்தெட்டு. கள்ளியேந்தல் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர்.

அரசு உதவி பெறும் பள்ளி என்று பெயர். ஆசிரியர்களுக்குச் சம்பளம் வரும். சுவர் விழுந்தாலும் ஓடு உடைந்தாலும் தலைமையாசிரியர்தான் யாரிடமாவது போய்க் கை நீட்ட வேண்டும்.

நான்கு வருடமாக நீட்டிக்கொண்டிருந்தார். டிரஸ்டுகள், கம்பெனிகள், ஊரைவிட்டுப் போய்ப் பணக்காரர் ஆனவர்கள். யாரும் நேராக 'இல்லை' என்று சொல்லவில்லை. 'இந்த ஆண்டு தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்றார்கள். அந்த வரியை அவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

தாலுகா ஆபீசுக்கு எதிரே இருந்த இந்தக் கடைக்கு அவரை அனுப்பியவர் பக்கத்து ஊர்த் தலைமையாசிரியர். "அந்தம்மா மெட்ராஸ்ல ஒரு டிரஸ்டுல பன்னிரண்டு வருஷம் விண்ணப்பம் படிக்கிற வேலை பார்த்தவங்க. எது நிக்கும், எது விழும்னு பார்த்ததும் தெரிஞ்சுடும். ஆனா லேசுல வாயைத் திறக்க மாட்டாங்க. பொறுமையாப் போங்க."

பொறுமையாகத்தான் வந்திருந்தார். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவளாக இருப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"உங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன சார் வேணும்?"

"எந்தத் திட்டத்துக்கும்மா?"

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

தான் கேட்டது புரியவில்லை போலும் என்று சிங்கராயர் விளக்கினார். "ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணுக்குத் தர்றாங்கல்ல. போன வருஷம் எல்லாருக்கும் ஸ்மார்ட் கிளாஸ். அதுக்கு முந்தி மூலிகைத் தோட்டம். இப்ப ரோபோ செய்யக் கத்துக்குடுக்கிற கூடம்னு ஒருத்தர் விளம்பரம் போட்டிருக்கார். எதைக் கேட்டா கிடைக்கும்னு சொல்லுங்க. அதையே கேட்டுடறேன்."

யாரோ நீட்டிய ரேஷன் கார்டை வாங்கி அவள் நகல் எடுத்தாள். கொடுத்து அனுப்பினாள். திரும்பினாள்.

"கோப்பை வச்சுட்டுப் போங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க. காலையிலேயே வந்துடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

இரண்டு பஸ் மாறி ஊர் திரும்பினார். ஊருக்குள் சாலை பிரியும் கள்ளியேந்தல் விலக்கில் இறங்கியபோது மெட்ரிக் பள்ளியின் மஞ்சள் வேன் அவரைத் தாண்டிப் போனது. சனிக்கிழமையும் வகுப்பு வைக்கிறார்கள். வேனுக்குள் அவரிடம் போன வருடம் வரை படித்த பிள்ளைகள் இருந்தார்கள். ஒன்று கையாட்டியது.

இன்னும் பதினைந்து பிள்ளைகள் குறைந்தால் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அதுவரைக்குமாவது தாங்க வேண்டும் என்று நினைத்தார். அப்படி நினைத்ததில் அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கடையில் இருந்தார்.

மெகருன்னிசா ஒரு அட்டைப்பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"அறுபது இருக்கு. பணம் கேட்டுத் தோத்துப் போனவங்க எழுதினது. பள்ளிக்கூடத்துப் பேரு, ஊரு, கையெழுத்து, முத்திரை எல்லாத்து மேலயும் தாள் துண்டு வச்சு மறைச்சு நகல் எடுத்திருக்கேன். படிங்க. ஒருத்தருக்குத்தான் பணம் இருக்குன்னு வச்சுக்கங்க. யாருக்குக் கொடுப்பீங்க?"

"ஜெயிச்சது ஏதாவது இருந்தா காட்டுங்கம்மா. அதைப் பார்த்து எழுதிக்கிறேன்."

"முதல்ல இதைப் படிங்க."

படித்தார்.

முதல் ஐந்தையும் வரி வரியாகப் படித்தார். பத்துக்கு மேல் முதல் பக்கம் மட்டும். இருபதுக்கு மேல் முதல் பத்தி. 'பின்தங்கிய கிராமப்புற மாணவர்களின் ஒளிமயமான எதிர்காலத்தை உருவாக்கும் உயரிய நோக்குடன்' என்று ஒன்று தொடங்கியது. அடுத்ததும் அப்படியே தொடங்கியது. அதற்கடுத்ததில் 'உயரிய' மட்டும் இல்லை.

கண் எரிந்தது. இடது பக்கம் வேண்டாதவை ஏறிக்கொண்டே போயின. வலது பக்கம் காலியாகவே இருந்தது.

அவள் டீ வரவழைத்துக் கொடுத்தாள். அது ஆடை படிந்து ஆறியது.

மதியம் இரண்டு மணிக்கு அவர் கை ஒரு தாளில் நின்றது. கோடு போட்ட நோட்டுத் தாள். கையால் எழுதியது. எட்டே வரி.

'எங்கள் பள்ளிக்குப் பதினான்கு பிள்ளைகள் கழியைத் தாண்டி வர வேண்டும். தண்ணீர் ஏறினால் வர முடியாது. வருடத்தில் நான்கு மாதம் தண்ணீர் ஏறும். படகு இருக்கிறது. ஓட்டத் தெரிந்தவரும் இருக்கிறார். காலையும் மாலையும் படகு ஓட்டினால் அவர் வேறு வேலைக்குப் போக முடியாது. அந்த நான்கு மாதத்துக்கு அவருக்குக் கூலி வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.'

மூன்று முறை படித்தார். வலது பக்கம் வைத்தார்.

"இதுக்குக் கொடுப்பேன்."

"சரி."

"கொடுத்தாங்களா?"

"இல்ல சார்."

"ஏம்மா?"

"எங்க டிரஸ்டுக்கு வந்ததுதான் இது. அங்க கட்டிடத்துக்குக் குடுப்பாங்க, பொருளுக்குக் குடுப்பாங்க. ஆளுக்குக் கூலி குடுக்க மாட்டாங்க. படகு கேட்டிருந்தா ரெண்டு படகு வந்திருக்கும்."

"நீங்க எடுத்துச் சொல்லலையா?"

"சொன்னேன்."

"அப்புறம்?"

"அந்த மாசத்தோட வேலையை விட்டுட்டேன். வரும்போது அதுல ஒரு நகல் எடுத்துக்கிட்டு வந்தேன்."

சிங்கராயருக்குக் கோபம் வந்தது. அது களைப்பிலிருந்து வந்த கோபம்.

"அலங்காரமா எழுதினாலும் இல்ல. உள்ளதை எழுதினாலும் இல்ல. பின்னே எதுக்கும்மா என்னைக் காலையிலேர்ந்து உட்கார வச்சிருக்கீங்க?"

மெகருன்னிசா இடது பக்கக் குவியலில் தேடி மூன்றை உருவினாள். அவர் முன் பரப்பினாள்.

"இந்த மூணையும் ஏன் சார் தள்ளினீங்க?"

அவர் அலுப்போடு குனிந்து பார்த்தார். ஒன்று ஸ்மார்ட் கிளாஸ், ஒன்று மூலிகைத் தோட்டம், ஒன்று அறிவியல் கூடம்.

"இதுல என்னம்மா இருக்கு? எந்தப் பள்ளிக்கூடத்துக்கு வேணும்னாலும் பொருந்தும். ஒரு பிள்ளை பேரு இல்ல, ஒரு வகுப்பு இல்ல. உண்மையைச் சொல்லணும்னா, இதை எழுதின ஆளு தன் பள்ளிக்கூடத்துப் பக்கமே போயிருக்க மாட்டார்னு தோணுது."

அவள் மேசைக்கடியிலிருந்து அவருடைய கோப்பை எடுத்தாள். மூன்று தாள்களை வெளியே எடுத்து, அந்த மூன்றின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

வரிக்கு வரி ஒன்றாக இருந்தன; தாள் துண்டு மறைத்திருந்த இடங்களில் மட்டும் கள்ளியேந்தல் என்று இருந்தது. கீழே அவர் கையெழுத்து. பள்ளியின் முத்திரை.

வெளியே தாலுகா ஆபீஸ் வாசலில் யாரோ யாரையோ உரக்கக் கூப்பிட்டார்கள்.

சிங்கராயர் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். கோப்பை எடுக்கவில்லை. அவளும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனார். அலுவலக அறையில் உட்காரவில்லை. ஏழாம் வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கணக்கு டீச்சர் பயந்துபோனார்.

மதியம் சாப்பாடு முடிந்தது. ஏழிலும் எட்டிலும் படிக்கிற எட்டுப் பெண் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தினமும் வருவார்கள்தான். தினமும் மதியத்துக்கு மேல் வருகைப் பதிவேட்டில் எட்டுப் பெயருக்கு நேரே ஆப்சென்ட் விழும். வீட்டு வேலை இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

இன்றைக்கு வாசலில் நின்றார்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?"

தலையைக் குனிந்துகொண்டார்கள். கார்த்தீஸ்வரி என்ற எட்டாம் வகுப்புப் பிள்ளை மட்டும் நிமிர்ந்தது.

"வீட்டுக்கு சார். தண்ணி குடிக்க."

"ஏன், இங்க பானையில தண்ணி இல்லையா?"

"இருக்கு சார்."

"பின்னே?"

கார்த்தீஸ்வரி மற்றவர்களைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"இங்க குடிச்சா, எங்க சார் போறது? காலையிலேர்ந்து குடிக்காமத்தான் இருக்கோம்."

சிங்கராயர் வாசலை விட்டு விலகி நின்றார். பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள்.

பள்ளியின் பின்பக்கம் இரண்டு அறைக் கழிவறை ஒன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு கம்பெனி கட்டிக் கொடுத்தது. சுவரில் பளிங்குக் கல்லில் கம்பெனியின் பெயர். தண்ணீருக்குக் குழாய் போடவில்லை. கழுவ ஆளும் போடவில்லை. திறப்பு விழா முடிந்த மூன்றாம் வாரம் நாற்றம் தாங்காமல் பூட்டினார்கள். பூட்டியது சிங்கராயர்தான்.

சாவி கிடைக்கவில்லை. பூட்டைக் கல்லால் உடைத்தார். உள்ளே உடைந்த பெஞ்சுகள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அதை அடுக்கச் சொன்னதும் அவர்தான்.

பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட இரண்டு நாள் ஆனது. பஞ்சாயத்துத் தொட்டியிலிருந்து கழிவறை வரை நாடா பிடித்து அளந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு அடி. தினமும் காலையில் அவரும் கணக்கு டீச்சரும் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து டிரம்மை நிரப்பினார்கள். தோள் இறங்கிப் போயிற்று. பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா கழுவ ஒத்துக்கொண்டாள். "ஒரு மாசம் பாக்கிறேன் சார். அதுக்கு மேல கூலி இல்லாம என்னால ஏலாது" என்று சொல்லித்தான் விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள்.

முதல் இரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் மதியம் கார்த்தீஸ்வரியும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாம் வாரம் ஆறு பேர் சாயங்கால மணி அடிக்கும்வரை இருந்தார்கள்.

மூன்றாம் வாரம் அவரால் குடம் தூக்க முடியவில்லை. அன்றைக்கு உட்கார்ந்து எழுதினார். ஒரே தாள்.

சனிக்கிழமை அதை மெகருன்னிசாவிடம் நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள்.

'எங்கள் பள்ளியில் கழிவறை இருக்கிறது. தண்ணீர் இல்லாததால் ஆறு வருடம் பூட்டிக் கிடந்தது. அதனால் பெண் பிள்ளைகள் பள்ளியில் தண்ணீர் குடிப்பதில்லை. இதை நான் இந்த மாதம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு அடி தூரத்துக்குக் குழாய் வேண்டும். தினமும் கழுவுகிறவருக்கு ஒவ்வொரு மாதமும் கூலி வேண்டும்.'

படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்கவில்லை.

"குழாய்க்குக் கிடைக்கும் சார். நிச்சயமாக் கிடைக்கும்னே சொல்லலாம்."

சிங்கராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான்கு வருடத்தில் இந்தச் சொல்லை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"ஆனா இந்தக் கடைசி வரி, கழுவுறவங்களுக்குக் கூலி. இது இருந்தா முழுசையும் தள்ளிடுவாங்க. நீங்களே பார்த்தீங்கல்ல. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க."

மேசையில் பேனா கிடந்தது. அவள் அதை அவர் பக்கம் தள்ளினாள்.

சிங்கராயர் பேனாவைப் பார்த்தார். தோள் வலித்தது. பேச்சியம்மாள் சொன்ன ஒரு மாதத்தில் இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

"எடுத்துட்டா" என்றார் மெதுவாக, "குழாய் வரும். அப்புறம் மூணு வாரத்துல திரும்பவும் நானே பூட்டணும்மா."

அவள் பேனாவைத் திரும்ப எடுத்து வைத்தாள். பிறகு தாளை அப்படியே கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து, மூடியை இறக்கினாள்.

"எத்தனை காப்பி சார்?"