முழம் போடும் கைக்குக் கட்டணம்

தராசுக்கும் படிக்கல்லுக்கும் சோதனைக் கட்டணம் கேட்டால் சரி. நகராட்சி அளவை அதிகாரி தணிகாசலம், பூக்காரி அங்காளம்மாளின் கைக்கே கேட்டார்.

"முழம் போட்டுத்தானே விக்கிற? அப்ப கையும் அளவைக் கருவிதான். இருநூறு ரூபாய் கட்டு. இல்லேன்னா கூடையைத் தூக்கிடுவேன்."

கூடை போனால் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியாது. சட்டமாம், சட்டம்! பச்சை வழிப்பறி.

அங்காளம்மாள் கையை நீட்டினாள். "கட்டுறேன் சாமி. ஆனா நேத்து என் முழம் சின்னதுன்னு, உங்க கையாலேயே பத்து முழம் அளந்து எடுத்தீங்களே, அந்தக் கையில சோதனை முத்திரை எங்கே? காட்டுங்க."

கடைவீதியே எட்டிப் பார்த்தது.

"காட்டுங்க சார்!" என்றார் எதிர்க்கடை வாழைக்காய்க்காரர்.

அதிகாரி இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். அக்குளிலிருந்து நழுவிக் கீழே விழுந்த ரசீதுப் புத்தகத்தை எடுக்கக்கூடக் கையை வெளியே விடவில்லை.