வெட்டி எறிந்த டிரான்சிஸ்டர்

பணி ஓய்வுக்குப் பிறகு அரியநாயகத்துக்கு ஒரு குரு வாய்த்தார். பெயர் மகிழ்வண்ணன். சீடரைவிட வயதில் இளையவர். முகநூலில் இரண்டு வரிக் கதை எழுதுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர். உபதேசம் ஒரே சொல்தான்: "வெட்டு."

ஒரு காலையில் சீடர் குருவின் வீட்டுக்கு வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"குருவே, என் மனைவி கோமதி கோபித்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்."

"என்ன செய்தீர் ஓய்?"

"கதை எழுதினேன்."

குரு கைபேசியில் அதைத் தேடி எடுத்தார்.

'தூக்கிப் போட்டுவிட்டேன் என்று மனைவியிடம் சொன்னான். அவள் கடைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தான்.'

இரண்டு முறை படித்தார்.

"எதை?"

"அவளும் அதைத்தான் கேட்டாள். பீரோ, பரண், அரிசி டின் எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள்."

"எதை என்று கேட்டேன்."

"பழைய டிரான்சிஸ்டர். முதலில் எழுதியபோது இருந்தது. வெட்டு என்றீர்கள், வெட்டினேன்."

"அதை அவளிடம் சொல்வதுதானே?"

"சொன்னேன். 'எங்கே, காட்டுங்கள்' என்கிறாள். கதையில் வந்த டிரான்சிஸ்டருக்கு நான் எங்கே போவேன்?"

"மைத்துனர் சமாதானம் பேசவில்லையா?"

"கதையைப் படித்ததும் அவன் என்னை பிளாக் செய்துவிட்டான். ஏனென்றே தெரியவில்லை. அடுத்த வீட்டுப் பற்குணமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை."

குரு கதையை மூன்றாம் முறை படித்தார்.

"கதையை நீக்கிவிடட்டுமா?"

"நீக்கினால் உண்மைதான் என்று முடிவு கட்டிவிடுவாள்."

"டிரான்சிஸ்டரைத் திரும்பச் சேர்த்துவிட்டால்?"

"திருத்தியது தெரிந்துவிடும். எதை மறைக்கத் திருத்தினீர்கள் என்பாள்."

அரியநாயகம் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"பேரன் எடுத்த வயதில் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனால் ஊர் சிரிக்காதா? சோறு இறங்கவில்லை. நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது வெறும் கதைதான் என்று நீங்கள் சொன்னால் நம்புவாள்."

குரு எழுந்துபோய் அடுக்களையை எட்டிப் பார்த்தார். உள்ளே அவர் மனைவி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, சீடரின் அருகில் வந்து குனிந்தார்.

"வருகிறேன். ஆனால் இந்த டிரான்சிஸ்டர் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம் ஓய். என்னிடம் அது இருப்பது உமக்கு எப்படித் தெரிந்தது?"