மொட்டை வாசிப்பு

குருவுக்கு இருபத்தேழு வயது, சீடருக்கு ஐம்பத்தாறு. இந்த மாதிரிக் கதைகளில் வயது மாறி இருப்பதுதான் மரபு. மரபு மீறப்பட்டதற்குத் தூத்துக்குடியில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியின் கால அட்டவணைதான் பொறுப்பு.

குருவின் பெயர் பெனிட்டா. ஆங்கிலத் துறையில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் என்பதால், யாருக்கும் வேண்டாத லாங்குவேஜ் லேபை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். கண்ணாடித் தடுப்பு வைத்த வரிசை மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஹெட்போன், எல்லாவற்றுக்கும் எதிரே ஆசிரியை உட்கார்ந்து பொத்தான்களை அழுத்த ஒரு பெரிய மேஜை. முதலாண்டு மாணவிகள் அங்கே உட்கார்ந்து, எந்த ஊரிலோ ரயிலைத் தவறவிட்ட ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் உரையாடலைக் கேட்டு, அவர்கள் மூச்சுவிடும் இடைவெளியில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பதி எத்தனையோ வருடங்களாக அந்த ரயிலைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சீடரின் பெயர் மரகதவல்லி. அதே கல்லூரியில் தமிழ்த் துறைத் தலைவர், மாணவிகளுக்குத் தமிழம்மா. எழுத்துகள் பிறக்கும் இடம்தான் அவருடைய பாடம். எந்த ஒலிக்கு நாக்கு எங்கே ஒற்றும், எங்கே வருடும் என்று அவர் கரும்பலகையில் ஒரு வாயை வரைந்து விளக்கினால், கடைசி வரிசைக்காரிகள்கூடத் தங்கள் வாய்க்குள் நாக்கை நகர்த்திப் பார்ப்பார்கள். ஒரு மாணவி 'வாழைப்பழம்' என்று சொன்னால் போதும், அவள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லிவிடுவார். பெனிட்டாவும் அவரிடம் படித்தவள்தான். தமிழில் அவள் தேறியதில் அவளுடைய உழைப்பைவிட மரகதவல்லியின் இரக்கம் அதிகம் என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அப்படிப்பட்டவர் இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்து, புதன்கிழமை கடைசி வகுப்பில், கொண்டைக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, ரயிலைத் தவறவிட்டவர்களுக்கு ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் காரணம் தேடினார்கள். வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகப்போகிறார் என்றது வரலாற்றுத் துறை. ஆங்கிலத்தில் குற்றம் கண்டுபிடிக்க வந்திருக்கிறார் என்றது ஆங்கிலத் துறை.

இரண்டாவது முழுப் பொய் இல்லை. நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டி ஓர் ஒலியை எழுப்பச் சொன்ன முதல் நாளே, அந்த இடத்தில் எழுத்துப் பிறக்க எங்கள் இலக்கணத்தில் அனுமதி இல்லை என்று அவர் அறிவித்தார். அனுமதி வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் நீட்டுங்கள் அம்மா என்றாள் பெனிட்டா. வகுப்பு சிரித்தது. மரகதவல்லியும் சிரித்துவிட்டு, நீட்டினார்.

ஒரு விஷயம் மட்டும் பெனிட்டாவுக்குக் கூச்சமாக இருந்தது.

"என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கம்மா."

"வெளியில கூப்பிடுறேன். இங்கே உட்கார்ந்தா நீங்க எனக்கு மிஸ்."

உண்மையான காரணத்தை மரகதவல்லி யாரிடமும் சொல்லவில்லை. காரணம் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருந்தது. அதற்குப் பத்தொன்பது வயது. பெயர் குழலி.

குழலி அவருடைய ஒரே தங்கை குமுதவல்லியின் ஒரே மகள். பெயர் வைத்தவர் பெரியம்மாதான். ழகரம் இல்லாத பெயரை அவர் எந்தக் குழந்தைக்கும் சிபாரிசு செய்ததில்லை. வேலைக்காக லீட்ஸ் போன குமுதம் மணந்துகொண்டது அங்கே உடன் வேலை பார்த்த ஒரு மராட்டியரை. புருஷன் பெண்டாட்டிக்குப் பொதுவாக வாய்த்தது ஆங்கிலம். பிள்ளைக்கு அதுவே தாய்மொழி ஆயிற்று. கடைசியில் அந்தப் பிள்ளைக்குத் தன் பெயரையே சொல்ல வரவில்லை. குலலி என்றது. குமுதம் இருந்தவரை அது ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை போனில் அவள் நடுவில் இருந்துகொண்டு, மகள் சொல்வதை அக்காவுக்கும் அக்கா சொல்வதை மகளுக்கும் மாற்றிச் சொல்வாள். இரண்டு பக்கமும் தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்கிறாள் என்று மரகதவல்லிக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நான்கு வருடம் முன்பு காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகும் குழலி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டாள். 'பெரீமா' என்று தொடங்குவாள். தமிழ் அதோடு சரி. பிறகு ஆங்கிலத்தில் நீளமாக என்னவோ சொல்வாள். மரகதவல்லி எஸ் எஸ் என்பார், வெரி குட் என்பார். சாப்பிட்டாயா என்று மட்டும் தமிழில் கேட்பார். அவளுக்கு அது புரியும், சிரிப்பாள். போனை வைத்த பிறகு மரகதவல்லி சமையலறைக்குப் போகாமல், மாடிக்குப் போகாமல், சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு குழலி என்னவோ கேட்டாள். கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. மரகதவல்லி வழக்கம்போல வெரி குட் என்றார்.  மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. நடுவில் ஒரு குரல்பதிவு மட்டும் வந்தது. அதை அவர் வீட்டிலும், பேருந்திலும், துறை அறையின் கதவைச் சாத்திக்கொண்டும் கேட்டார். ஒரு வாக்கியம்கூடப் பிடிபடவில்லை. யாரிடமாவது கொடுத்து அர்த்தம் கேட்டிருக்கலாம். ஆனால் என் தங்கை பிள்ளை பேசுவது எனக்குப் புரியவில்லை என்ற வாக்கியத்தை, தமிழில்கூட அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரு ஞாயிறு போனால் அந்தப் பிள்ளை தன்னை விட்டே போய்விடும் என்று தோன்றியது. குமுதத்தில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

அந்தப் புதன்கிழமை மாணவிகள் எல்லோரும் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடிய பிறகும், அவர் தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"மிஸ், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"இந்த ரயில்காரங்க பேசுறது எனக்கு இப்ப முழுக்கப் புரியுது. வானிலை அறிக்கை புரியுது. போன வாரம் நீங்க போட்ட ஸ்காட்லாந்துக்காரர்கூடப் பாதிக்கு மேல புரிஞ்சார். ஒரே ஒரு ஆள் பேசுறது மட்டும் புரிய மாட்டேங்குது. ஏன்?"

யார் என்று பெனிட்டா கேட்டாள். மரகதவல்லி, பெயர் வைத்ததிலிருந்து போன் துண்டிக்கப்பட்டது வரை, பார்வையை மேஜையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். சொல்லிவிட்டு, லீட்ஸ் பக்கத்து உச்சரிப்புக்கென்று தனியாகப் பாடம் ஏதாவது இருக்கிறதா, இருந்தால் சனிக்கிழமையும் வருகிறேன் என்றார். பெனிட்டா கையை நீட்டினாள். அவர் கைப்பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார்.

பெனிட்டா அதைக் காதில் வைத்துக் கேட்டாள். ஒருமுறைதான் கேட்டாள். பிறகு போனை மேஜையில் மெதுவாக வைத்தாள்.

"ரொம்ப வேகமாப் பேசுறாளா?"

"இல்லம்மா."

"முழுங்குறாளா?"

"இல்ல. இதைவிட நிதானமாப் பேச முடியாது. நம்ம ஃபர்ஸ்ட் இயருக்குப் போட்டாலும் புரிஞ்சிடும்."

மரகதவல்லி ஒரு பரீட்சையில் தோற்றவரைப் போல இருந்தார். அப்படியானால் குறை தன் காதில்தான் என்றார். முப்பது வருடம் அடுத்தவர் காதைத் திருத்தியதற்கு இது தண்டனை போல என்றும் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

 பெனிட்டா போனைப் பெரிய மேஜையில் இணைத்தாள். அவரை ஹெட்போன் மாட்டிக்கொள்ளச் சொன்னாள். ஒரு தடவை கேட்டுவிட்டு, கேட்டது எதுவோ அதை அப்படியே சொல்ல வேண்டும். இது மட்டும்தான் விதி.

மரகதவல்லி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.  முடிந்ததும், கண்ணைத் திறக்காமலே, வகுப்பெடுக்கும் குரலில் சொன்னார்.

"வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி மூக்கால ஒரு சின்ன மூச்சு. மெல்லினம் வர்ற இடத்துல ஒரு இழை கூடுதலா நிக்கும். தொண்டையில ஒரு கரகரப்பு, ஜலதோஷம் மாதிரி, ஆனா ஜலதோஷம் இல்ல. வாக்கியம் முடியுற இடத்துல குரலைக் கீழே போடமாட்டா. கையிலயே வச்சுக்கிட்டு நிப்பா, மீதியை நீ சொல்லுங்கிற மாதிரி. சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான்."

"யாரும்மா?"

"குமுதம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

பெனிட்டா எழுந்து வந்தாள். "அந்தப் பொண்ணு என்ன சொன்னா?"

"தெரியலை மிஸ்."

"ஹெட்போனைக் கழட்டிடுங்க."

பெனிட்டாவிடம் ஒரு பழக்கம் உண்டு. பதிவில் பேசுபவரின் குரல் மிகவும் இனிமையாக இருந்துவிட்டால், மாணவிகள் ராகத்துக்குத் தலையாட்டிவிட்டுச் சொல்லைக் கோட்டைவிடுவார்கள். அப்போது அவள் பதிவை நிறுத்திவிட்டு, அதே வரிகளை ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், பேருந்து நிலைய அறிவிப்பு போலத் தானே சொல்வாள். மாணவிகள் அதற்கு மொட்டை வாசிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கும் அது பிடிக்காது. எல்லோருக்கும் புரிந்துவிடும்.

ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். போனைத் தன் காதோடு அழுத்தி வைத்து ஒரு வாக்கியம் கேட்டாள், நிறுத்தினாள், அதை ஆங்கிலத்திலேயே மொட்டையாகச் சொன்னாள். இதைத் தமிழில் சொல்லுங்கள் என்றாள்.

"பெரியம்மா, அன்றைக்கு நான் பேச்சைத் துண்டித்தது தவறு" என்றார் மரகதவல்லி. அவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே திகைப்பாக இருந்தது.

அடுத்தது.

"நான் கேட்டது உங்களுக்குப் புரிந்திருக்காது என்று பிறகுதான் தோன்றியது. ஆகவே மெதுவாக மறுபடியும் கேட்கிறேன்."

அடுத்தது.

"அம்மா பேசிய பதிவுகள் இருந்த பழைய தொலைபேசி பழுதாகிவிட்டது. அப்பாவிடம் கேட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்."

பழக்க தோஷத்தில் எல்லாம் நல்ல எழுத்துத் தமிழில் வந்துகொண்டிருந்தன. எழுவாயும் பயனிலையும் ஒன்றுக்கொன்று சரியாக இசைந்தன. மரகதவல்லி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெனிட்டா அடுத்த வாக்கியத்தைக் கேட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், அதே அறிவிப்புக் குரலில் சொன்னாள்.

"அம்மாவின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. குரல்..." மரகதவல்லியின் தமிழ் அங்கே நின்றது.

பெனிட்டா அதை இரண்டாவது முறை சொன்னாள். வகுப்பில் எல்லோருக்கும் இரண்டாவது முறை உண்டு.

"குரல் நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை."

கடைசி வாக்கியத்தைப் பெனிட்டா கேட்டாள். அதையும் மொட்டையாகவே சொன்னாள்.

மரகதவல்லி அதை எழுத்துத் தமிழில் சொல்லவில்லை.

"உங்களுக்குத்தான் தெரியும் பெரீமா. அம்மா குரல் எப்படி இருக்கும்?"

 

பிறகு மரகதவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கரகரப்புக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று கேட்டார். பெனிட்டா ஒன்று சொன்னாள். அது காகத்துக்குச் சொல்வது போல இருக்கிறது, வேறு வேண்டும் என்றார். இன்னொன்று சொன்னாள். அது நோயாளிக்குச் சொல்வது போல இருந்தது. மூக்கால் இழுக்கும் அந்த மூச்சுக்கு என்ன என்றார். பெனிட்டா சொன்ன சொல்லில் மூக்கு இருந்தது, குமுதம் இல்லை. வாக்கியத்தின் முடிவில் குரலைக் கீழே போடாமல் வைத்திருப்பதற்கு என்ன என்று கேட்டபோது, பெனிட்டா யோசித்துவிட்டு, தெரியவில்லை அம்மா என்றாள்.

"எனக்கு அவ குரலை ஒவ்வொரு அசையாச் சொல்லத் தெரியும் மிஸ். தமிழ்ல ஒரு நாள் முழுக்கச் சொல்வேன். இங்கிலீஷ்ல சொல்லத்தான் வழியில்லை. நீங்க சொல்லிக்கொடுங்க. எத்தனை மாசம் ஆனாலும் சரி, தினமும் வர்றேன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை காத்திருக்குமா?"

பெனிட்டா போனை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"ரெண்டு வார்த்தை போதும்மா. 'லைக் திஸ்'னு போடுங்க. அதுக்குக் கீழே, அவ அனுப்பினதையே அவளுக்குத் திருப்பி அனுப்பிடுங்க."