தன்னால் வகுபட்ட பத்தாயிரத்து ஏழு

கொட்டாங்குளத்தில் உடையப்பனுக்கு அறிவாளி என்று பெயர். "நானே இந்த ஊர்ல அறிவாளின்னா, மத்தவங்க நெலமையை யோசிச்சுக்கோங்க" என்று அவனே சொல்லுவான். அதனால்தான் மாசித் திருவிழாவுக்கு ஜமீனிலிருந்து அதிரசம் வந்து இறங்கியதும், பங்கு வைக்கும் வேலை அவன் தலையில் விழுந்தது. துணைக்குக் கூட்டாளிகள் பிச்சமுத்துவும் கொப்பையனும்.

கூடவந்த சீட்டில் பத்தாயிரத்து ஏழு என்று எழுதியிருந்தது. "மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் சரிபாதி. ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் மூணு பேரும் ஊரைக் காலி பண்ணணும்" என்று நாட்டாமை சொல்லிவிட்டார். போன வருஷம் ஒரே ஒரு வடைக்காக இரண்டு தெருவும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

உடையப்பன் மந்தைத் திடலில் தெருவுக்கு ஒன்றாக இரண்டு பாய் விரித்து, இங்கொன்று அங்கொன்றாக வைத்துக்கொண்டே போனான். கடைசியில் ஒன்று மிஞ்சியது. எல்லாவற்றையும் வாரிக் குவித்து, இந்த முறை கீழத்தெருவிலிருந்து ஆரம்பித்தான். அப்போதும் ஒன்று மிஞ்சியது.

"அதை ரெண்டா அறு" என்றான் பிச்சமுத்து.

அறுத்தார்கள். கொப்பையன் எண்ணிப் பார்த்துத் திடுக்கிட்டான். "அடப்பாவி! ஒண்ணு மிஞ்சினது போய் இப்ப ரெண்டு மிஞ்சுதே!"

இன்னொரு தடவை அறுத்ததும் நாலானது. உடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. கத்தியைக் கிணற்றில் வீசிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினான்.

கணக்கு வாத்தியார் திருவாழி தலைகூட நிமிரவில்லை. "பத்தாயிரத்து ஏழா? ஒற்றைப்படை. அதுவும் பகா எண். ஒன்றால் வகுபடும், தன்னால் வகுபடும். வேற எதாலும் வகுபடாது. போ."

உடையப்பன் தலையில் அடித்துக்கொண்டே திரும்பி வந்தான். "தன்னால வகுபடுமாம்டா! நாம கை வெச்சதுதான் தப்பு. என்னைப் போய் அறிவாளின்னு நம்பினீங்களே!"

அதிரசங்களை நடுவில் குவித்துவிட்டு மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"நாம முறைச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குக் கூச்சமா இருக்காதா?" என்றான் கொப்பையன்.

நியாயமாகத்தான் பட்டது. மூவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வெளியூர்க் கிடை ஆடுகள் முந்நூறு மந்தைக்குள் நுழைந்தன. முதுகுக்குப் பின்னால் சவக் சவக்கென்று சத்தம்.

"ஆரம்பிச்சிருச்சு!" என்றான் பிச்சமுத்து.

"திரும்பாதே. பாதியில நின்னுடும்" என்றான் உடையப்பன்.

ஏதோ ஒன்று உடையப்பனின் தோளை நக்கியது. வகுத்தல் இவ்வளவு ஈரமாக இருக்கும் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவன் வெட்கப்பட்டான்.

சத்தம் ஓய்ந்தபோது நாட்டாமை ஊரோடு வந்து நின்றார். "எங்கடா அதிரசம்?"

உடையப்பன் திரும்பிப் பார்த்தான். ஓர் அதிரசம்கூட இல்லை. ஆனால் கணக்கு சரியாகவே இருந்தது.

"மேலத்தெருவுக்கு ஒண்ணுமில்லை. கீழத்தெருவுக்கும் ஒண்ணுமில்லை. மிச்சமும் இல்லீங்க."

நாட்டாமை இரண்டு பாயையும் மாறி மாறிப் பார்த்தார். குறை சொல்ல வழியில்லை. கூட்டம் கலையப் போகும்போது கீழத்தெருப் பெருமாயி கத்தினாள்:

"நல்லாப் பாருங்க! நம்ம ஒண்ணுமில்லையை விட அவங்க ஒண்ணுமில்லை பெரிசா இருக்கு!"

இரண்டு தெருவும் வேட்டியை மடித்துக் கட்டின. உடையப்பன் நடுவில் பாய்ந்தான். மேலத்தெருப் பாயிலிருந்து ஒரு கை ஒன்றுமில்லையை அள்ளி, வழியில் சிந்தாமல் கொண்டுபோய்க் கீழத்தெருப் பாயில் போட்டான்.

பெருமாயி குனிந்து பார்த்தாள். "இன்னும் ஒரு கை போடு" என்றாள்.