முயல்குட்டியை உட்காரவைத்த கீரி வாத்தியார்

ஆற்றங்கரைக் காடு ஒன்றில், குட்டிகளுக்குச் சடுகுடு சொல்லிக்கொடுத்து வந்தது ஒரு கீரி. காட்டு விலங்குகள் எல்லாம் அதைக் கீரி வாத்தியார் என்றே அழைத்தன. யாருக்கு மூச்சு நீளம், யாருக்குப் பிடி உறுதி என்று ஒருமுறை பார்த்தாலே அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் குழந்தைகளே, அதற்கு ஒரு குறையும் இருந்தது. யாராவது குரலை உயர்த்தினால் போதும், கீரியின் வால் தானாகத் தாழ்ந்துவிடும், வாயும் மூடிக்கொள்ளும்.

மழைக்காலம் முடிந்ததும் அக்கரைக் காட்டோடு போட்டி நடக்கும். மூன்று ஆண்டுகளாக அக்கரைக்கே வெற்றி. இந்த ஆண்டு முயல்குட்டி ஒன்று ஆட வந்திருந்தது. மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணிக்குள் போகும். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடும். முதலில் பாடப்போவது முயல்குட்டிதான் என்று கீரி முடிவு செய்தது.

மறுநாள் காலை கரடி ஒரு தேனடையோடு வந்தது.

"வாத்தியாரே, நல்ல கொம்புத்தேன். வைத்துக்கொள்ளுங்கள்."

"எதற்கு ஐயா இதெல்லாம்?"

"என் மகன்தான் முதலில் பாடப்போக வேண்டும்."

"உங்கள் மகனுக்குப் பிடிதான் ஐயா பலம். அவன் பின்னால் நின்றால்..."

"நான் பிடியைப் பற்றிக் கேட்கவில்லை," என்று கரடி உறுமியது. கீரியின் வால் தாழ்ந்தது.

கரடி போனதும் நரியம்மா வந்தாள்.

"கரடி மகன் பாடப்போகிறானாமே. என் மகன் மட்டும் என்ன இளைத்தவனா? உங்களுக்கு முன்னால் ஒரு மரநாய் வாத்தியாராக இருந்ததே, இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா?"

கீரிக்குத் தெரியும். நரி புலிராஜாவின் காதில் ஏதோ ஓதிவிட, மரநாய் இரண்டு மலை தாண்டிப் போய்விட்டது.

"உங்கள் மகனுக்கும் இடம் உண்டு, அம்மா," என்றது கீரி.

இடம் ஏழுதான். அதனால் முயல்குட்டி களத்துக்கு வெளியே உட்கார வேண்டியதாயிற்று.

"நான் ஏதாவது தப்பு செய்தேனா, வாத்தியாரே?"

"இல்லை."

"பிறகு ஏன்?"

"கொஞ்சம் பொறு," என்று கீரி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னது.

அன்றைய பயிற்சியில் குரங்கு மரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, "வலப்பக்கம் போடா! காலைத் தொடுடா!" என்று தன் மகனுக்குக் கட்டளை போட்டபடி இருந்தது. குரங்குக் குட்டி அண்ணாந்து பார்த்தபடி ஓடித் தடுக்கி விழுந்தது. அடுத்துப் பாடப்போன கரடிக் குட்டிக்குப் பாதியிலேயே மூச்சு அடைத்தது. நான்கு பேர் அதன்மேல் விழுந்து அமுக்கினார்கள். எழுந்தபோது முன்கால் பிசகியிருந்தது.

கீரி பச்சிலை அரைத்துக் கட்டுப் போட்டது. கரடிக் குட்டி அழவில்லை.

"பாடினால் எனக்கு மூச்சு முட்டும், வாத்தியாரே. அப்பாவிடம் சொல்லப் பயம். உங்களுக்குத்தான் தெரியுமே. நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

கீரிக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்று முழுவதும் இரை எடுக்கவில்லை.

மறுநாள் பெற்றவர்கள் எல்லாரையும் அது களத்துக்கு வரச் சொன்னது. தேனடையைக் கரடியிடமே திருப்பிக் கொடுத்தது.

"போட்டிக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. ஏழு பேரையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். நான் குறுக்கே பேச மாட்டேன். ஆனால் ஒன்று: யாரும் தம் பிள்ளையின் பெயரைச் சொல்லக் கூடாது."

கரடி நரியைப் பார்த்தது. நரி குரங்கைப் பார்த்தது.

"அப்படியானால் பாடுவதற்கு முயல்குட்டிதான்," என்றாள் நரியம்மா. கரடி மகன் பாடிவிடக் கூடாதே என்ற எண்ணம் அவளுக்கு.

"ஆமாம், முயல்குட்டிதான்," என்று மற்றவர்களும் சொன்னார்கள்.

"கால் சரியாகிவிட்டால், பிடிக்கக் கரடி மகனைவிட்டால் ஆள் இல்லை," என்றது குரங்கு.

"குரங்கு மகன் நன்றாக நழுவுவான்," என்றது கரடி. "அப்பன் மரத்தில் இல்லாமல் இருந்தால்."

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டது.

ஏழு பெயர்களும் வந்துவிட்டன. நரிக்குட்டியின் பெயரை யாரும் சொல்லவில்லை.

"என் மகனுக்கு என்ன குறை?" என்று நரி சீறினாள்.

கீரியின் வால் தாழத்தான் செய்தது. ஆனால் இந்த முறை வாய் மூடவில்லை.

"அவன் வாரத்தில் இரண்டு நாள்தான் பயிற்சிக்கு வருகிறான், அம்மா. ஒழுங்காக வந்தால் நன்றாக ஆடுவான். முன்பே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டு சொல்லாமல் விட்டேன். அது என் தப்பு."

நரி நேராகப் புலிராஜாவிடம் போனாள்.

"யார் தேர்ந்தெடுத்தது?" என்று புலி கேட்டது.

"பெற்றவர்கள், ராஜா."

"நீயும் இருந்தாயா?"

"இருந்தேன்."

"யார் பெயரைச் சொன்னாய்?"

"முயல்குட்டியை," என்றாள் நரி மெதுவாக.

புலி கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

போட்டி நாளன்று முயல்குட்டி போன போதெல்லாம் தொட்டுவிட்டு வந்தது. அக்கரையும் விடவில்லை. இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது அக்கரையின் பன்றிக்குட்டி கடைசியாகப் பாடி வந்தது. அது குரங்குக் குட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்புகையில், கரடிக் குட்டி பாய்ந்து அதன் பின்காலைப் பற்றியது. நடுக்கோட்டுக்கு ஒரு சாண்தான் இருந்தது. பன்றிக்குட்டி இழுத்துப் பார்த்தது, புரண்டு பார்த்தது. அதற்குள் பாட்டு நின்று மூச்சு விட்டுவிட்டது. ஒரு புள்ளியில் ஆற்றங்கரைக் காடு வென்றது.

வீடு திரும்பும் வழியில் கரடி மகனின் முன்காலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு, "எத்தனை நாளாக இப்படிப் பிடிக்கிறாய்?" என்று கேட்டது.

"ஆரம்பத்திலிருந்தே, அப்பா," என்றது குட்டி.

நீதி: பெற்ற பாசத்துக்கு அளவு தெரியாது, அளவு தெரிந்தவர் அஞ்சி வாய் மூடினால் அடிபடுவது பிள்ளைதான்.