தவிட்டுக்குருவிகள் காட்டைப் பெருக்கிய கதை

அந்தக் காலத்தில் மரத்துக்கும் பறவைக்கும் புழுவுக்கும் ஒரே பேச்சுதான். மேற்கு மலைச் சரிவில் இருந்த ஒரு காட்டில் ஏழு தவிட்டுக்குருவிகள் குடியிருந்தார்கள். ஏழு பேரும் அக்கா தங்கைகள். நிறம் தவிட்டு நிறம், பெரிய அழகிகள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அப்போது அவர்களுக்கு விசிறி மாதிரி விரியும் அருமையான வால் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள். வாயை மூடிக்கொண்டிருக்கும் குணம்! காட்டிலேயே அமைதியான குடும்பம் என்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள்.

மூத்தவள் பெயர் செம்பாயி. கடைக்குட்டி சில்லாயி. நடுவில் இருந்த ஐந்து பேரையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணிச் சொன்னால் போதும், திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் கீழே ஊர்க் கோபுரத்தில் குடியிருந்த கிளி ஒருத்தி காட்டுக்கு விருந்தாளியாக வந்தாள். வந்தவள் அத்திப்பழத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. தரையைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"எங்க ஊர்ல விடிஞ்சதும் வாசலைப் பெருக்கித் தண்ணி தெளிச்சுருவாங்க. ஒரு இலை கிடக்காது. நீங்க என்னடான்னா முழங்கால் அளவு குப்பைக்குள்ள குடித்தனம் பண்றீங்களே! எப்படித்தான் இருக்கீங்களோ" என்றாள்.

செம்பாயிக்குச் சுருக்கென்றது. அன்று இரவு அவளுக்கு இரை இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் தங்கைகளை எழுப்பி வரிசையாக நிற்கவைத்தாள். ஏழு பேரும் வாலை விரித்து, பின்பக்கமாக நடந்து நடந்து, காட்டுத் தரையைப் பெருக்க ஆரம்பித்தார்கள். வேங்கை இலை, மருத இலை, காய்ந்த குச்சி, உதிர்ந்த பூ எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டுபோய் ஓடையில் கொட்டினார்கள். ஓடை அதில் பாதியைச் சமவெளிக்கு அடித்துக்கொண்டு போனது. மீதி ஓடை வளைவில் குவிந்து கிடந்தது.

இப்படி ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. மூன்று வருஷம். காட்டுத் தரை பளபளவென்று ஆகிவிட்டது. மான்கள் வழுக்கி விழுந்தன. வழுக்கி விழுந்த மான்களும் எழுந்து நின்று, "என்ன சுத்தம், என்ன சுத்தம்!" என்றுதான் சொல்லிவிட்டுப் போயின. யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? புகழுகிற வாய்க்குப் பஞ்சமில்லை.

இதற்கிடையில் நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. வெயில் நேராகத் தரையில் அடித்தது. மழை நேராகத் தரையில் அறைந்தது. கறுத்துப் பொலபொலவென்று இருந்த மேல்மண் கரைந்து ஓடையோடு போனது. அடியில் இருந்த செம்மண் இறுகி ஓடு மாதிரி ஆனது. பெய்த தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலாகவே ஓடியது. கீழே சமவெளி வயல்கள் கொழுத்தன. மேலே காடு இளைத்தது.

நாலாம் வருஷக் கோடையில் செம்பாயி வேங்கை மரத்தில் கூடு கட்டி மூன்று முட்டை இட்டாள். தவிட்டுக்குருவி முட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒரு நீலம். ஒருத்தி முட்டையிட்டால் ஏழு பேரும் மாறி மாறிக் காவல் இருப்பார்கள். ஆனால் அந்த வருஷம் வேங்கை மரம் கிளைக்கு நாலு இலைதான் விட்டிருந்தது, அதுவும் மஞ்சளாக. மலைக்கு அந்தப் பக்கம் பறந்த அண்டங்காக்கைக்குக்கூட அந்த நீலம் தெரிந்தது. அவன் வந்தான். ஏழு பேரும் சிறகடித்துத் தடுத்துப் பார்த்தார்கள். முடியவில்லை. மூன்று முட்டையையும் காலைப் பலகாரமாக முடித்துக்கொண்டு அலகைக் கிளையில் துடைத்துவிட்டுப் போய்விட்டான்.

செம்பாயி வெறுங்கூட்டில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"வேங்கையண்ணே, இன்னும் நாலு இலை கூட விடக்கூடாதா? என் பிள்ளைங்களுக்கு ஒரு மறைப்பு இல்லாமப் பண்ணிட்டியே!"

வேங்கை மரம் மெதுவாகப் பேசும். மரங்கள் எல்லாமே அப்படித்தான். "எதை வச்சு விடுறது தங்கச்சி? போன வருஷம் உதிர்த்த இலையைச் சாப்பிட்டுத்தான் இந்த வருஷம் இலை விடுவேன். நீங்கதான் சோத்தை எடுத்து ஓடையில கொட்டிட்டீங்களே. மூணு வருஷமாப் பட்டினி."

செம்பாயி கீழே கட்டாந்தரையை எட்டிப் பார்த்தாள். "அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்னுதான் ஆரம்பிச்சேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள மூணு வருஷம் ஆயிருச்சு."

மரத்தைத் திட்டி என்ன பயன்? அடுத்த கோடைக்குள் வேங்கை தழைக்கவில்லை என்றால் அடுத்த முட்டைகளும் காக்கைக்குத்தான். செம்பாயி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு ஓடை வளைவுக்குப் போனாள். கொட்டிய இலைகளை ஒவ்வொன்றாக அலகில் கவ்விக் கொண்டுவந்து வேங்கை மரத்தடியில் போட்டார்கள். ஒரு மாதம் இதே வேலை. மரத்தடியில் இலை குவிந்தது.

"சாப்பிடு அண்ணே" என்றாள் செம்பாயி.

"அரிசியை அப்படியே கொட்டினா எப்படிச் சாப்பிடுறது தங்கச்சி? சமைச்சுக் குடுக்க ஆள் வேணும். முன்னாடி இந்த மண்ணுக்குள்ள ஆயிரம் பேர் இருந்தாங்க. இலையை அரைச்சு, குழைச்சு, மண்ணோட மண்ணாக் கலந்து, என் வேர் வாயில ஊட்டுவாங்க. தரையைச் சுடவச்சு அவங்களை விரட்டிட்டீங்க."

"யாரது?"

"மண்புழுக்கள்."

செம்பாயி தலையில் கை வைக்காத குறைதான். அவளுக்குக் கைதான் கிடையாதே. மண்புழுக்களை அவள் பலமுறை சந்தித்திருக்கிறாள், ஆனால் பேசினதில்லை. பேசுவதற்குள் அவர்கள் அவள் வயிற்றுக்குள் போயிருப்பார்கள்.

மண்புழுக்கள் எல்லோரும் இப்போது ஓடை வளைவில், அள்ளாமல் மிச்சமிருந்த இலைக்கு அடியில் சுகமாக இருந்தார்கள். அவர்களுக்கு நாட்டாண்மை சுருளாண்டி. செம்பாயி போய் நின்றதும் சுருளாண்டி தவிர மற்ற எல்லோரும் சேற்றுக்குள் போய்விட்டார்கள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்றாள் செம்பாயி.

"நேத்து வரைக்கும் இரை. இன்னைக்கு அண்ணனா?" என்றான் சுருளாண்டி, பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டி.

செம்பாயி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். கிளி சொன்னது, பெருக்கினது, முட்டை போனது. சுருளாண்டி கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

"வர்றோம். ஆனா வழியெல்லாம் கட்டாந்தரை. வெயில்ல கருகிருவோம். முதல் மழைக்கு வர்றோம், முன்னாடி ஈர இலை விரிச்சுக்கிட்டே போகணும். பின்னாடி கிடக்கிறதைத் தூக்கி முன்னாடி போடணும். போடுறது நீங்க ஏழு பேரும்தான். ஒவ்வொரு இலையைத் தூக்குறப்பவும் நாங்க உங்க அலகுக்குக் கீழ கிடப்போம். ஒருத்தனைக் கொத்தினாலும் சரி, மத்த எல்லாரும் திரும்பிருவோம். அப்புறம் நீங்க கால்ல விழுந்தாலும் வரமாட்டோம். விழுறதுக்கு எங்களுக்குக் காலும் கிடையாது."

"சத்தியமாத் தொடமாட்டோம்" என்றாள் செம்பாயி. சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி வரும்போது தங்கைகளின் வயிறுதான் அவள் நினைப்பில் இருந்தது. கட்டாந்தரையில் ஒரு வண்டு கிடையாது, ஒரு கறையான் கிடையாது. தங்கைகள் எல்லோரும் பல நாள் அரைப்பட்டினி.

முதல் மழை விழுந்தது. புழுக்கள் கிளம்பினார்கள். கொழுகொழுவென்று, ஈரம் மினுக்க, ஆயிரம் பேர். சகோதரிகள் இலையைத் தூக்கினார்கள், முன்னால் போட்டார்கள், மறுபடி பின்னால் வந்து தூக்கினார்கள். ஒவ்வொரு இலைக்கு அடியிலும் விருந்து நெளிந்தது. வழக்கம்போல யாரும் பேசவில்லை. காடே நிசப்தமாக இருந்தது. ஏழு பேர் எச்சில் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பாதி வழியில் சில்லாயி ஒரு வேங்கை இலையைப் புரட்டினாள். அடியில் அந்தக் கூட்டத்திலேயே பெரியவன் கிடந்தான். சில்லாயியின் கழுத்து தானாகச் சாய்ந்தது. அலகு தானாகத் திறந்தது. கண் மட்டும் அக்காவைப் பார்த்து, 'நான் என்ன செய்ய?' என்று கெஞ்சியது.

புழுக்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

செம்பாயி பாய்ந்து தடுக்கலாம் என்றால் இருபது அடி தூரம். போய்ச் சேர்வதற்குள் புழு போய்விடும், காடும் போய்விடும். அந்த ஒரு நொடியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. பேசுகிற வாய் கொத்தாது.

"சில்லாயி! உன் வாலு மூளி வாலாம்டி! மூணாவது சொல்றா!" என்று கத்தினாள்.

சில்லாயியின் அலகு திறந்தபடியே திரும்பியது. "யாரு? அவளா சொன்னா? அவ வாலை அவ பார்த்திருக்காளா?"

"நான் எப்போடி சொன்னேன்?" என்று மூன்றாவது குதித்தாள்.

"நேத்து நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு" என்று, கேட்காததை எல்லாம் கேட்டதாக, இரண்டாவது நடுவில் புகுந்தாள். ஐந்தாவது நியாயம் பேச வந்தாள். நியாயம் பேச வந்தவளை ஆறாவது பிடித்துக்கொண்டாள். நாலாவதுக்கு என்ன சண்டை என்றே தெரியாது, ஆனாலும் கத்தினாள்.

"பேசுங்கடி, நிறுத்தாமப் பேசுங்க! இலையைக் கால்ல தூக்குங்க, வாய் ஓயக் கூடாது!" என்றாள் செம்பாயி.

பெருக்கிப் பெருக்கி மூன்று வருஷத்தில் தேய்ந்துபோன ஏழு வால்களைப் பற்றியும் அன்று சாயங்காலம் வரை விவாதம் நடந்தது. இலை முன்னால் போய்க்கொண்டே இருந்தது. ஒரு புழுகூடக் குறையவில்லை. வேங்கை மரத்தடிக்கு வந்ததும் ஆயிரம் பேரும் இலைக்குவியலுக்குள் இறங்கி மறைந்தார்கள். கடைசியாக இறங்கிய சுருளாண்டி, "காது வலிக்குது, ஆனா உசுரு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போவதற்கு முன் ஒப்பந்தமும் முடிந்தது. புழுக்கள் பகலில் மண்ணுக்குள் இருக்க வேண்டும். இலைக்கு மேலே திரியும் வண்டும் பூச்சியும் குருவிகளுக்கு. குருவிகள் இலையைப் புரட்டலாம், ஆனால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இலைக்கு அடியில் தப்பித் தவறிச் சமையல்காரர் யாராவது தட்டுப்பட்டால் என்ன செய்வது? அதற்குத்தான் பேச்சு.

அந்த மழைக்காலம் முழுக்க மண்ணுக்குள் அடுப்பு எரியாமல் சமையல் நடந்தது. புழு போன துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. மண் கறுத்தது. மிதித்தால் மெத்தென்று அமுங்கியது, அள்ளினால் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்று வருஷப் பசியோடு இருந்த வேங்கை வாரி வாரிச் சாப்பிட்டது. கோடை வந்தபோது இலைக்குள் கிளையே தெரியவில்லை.

செம்பாயி மறுபடி முட்டையிட்டாள். அண்டங்காக்கை வந்தான். அந்தக் கிளையில் உட்கார்ந்தான், இந்தக் கிளையில் உட்கார்ந்தான், எங்கே பார்த்தாலும் பச்சை. பசியோடு போய்விட்டான். பதினைந்தாம் நாள் கூட்டுக்குள் மூன்று வாய்கள் திறந்தன. செம்பாயி சந்தோஷத்தில் அழுதாள். தங்கைகள் ஆறு பேரும், குஞ்சுகளுக்கு யார் சாயல் என்று உடனே சண்டையை ஆரம்பித்தார்கள்.

அந்த மழைநாள் தொடங்கித்தான் தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் இறங்கி, ஒரு சருகைக்கூடப் பெருக்கித் தள்ளாமல், இருந்த இடத்திலேயே புரட்டிப் புரட்டிப் போடுகிறார்கள். சில்லாயியின் வம்சத்தை நம்ப முடியாது என்பதால், வாயை மட்டும் ஒரு நொடிகூட மூடுவதில்லை.