பின்கண்ணாடியில் கோலமாவு

இருளப்பன் தன் பிக்கப் வண்டியில்தான் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவான். மழை பெய்தால் பின்கண்ணாடிப் பக்கம் தண்ணீர் கசிந்து, சாய்ந்திருப்பவளின் முதுகு நனைந்துவிடும். பட்டறை ஃபோர்மேன் கனகசபை கண்ணாடியைச் சுற்றி மூன்று முறை பசை பூசியும் நிற்கவில்லை.

"என் வேலையில ஓட்டை இருக்காது. நீதான் ஜன்னலைத் திறந்து போட்டிருப்பே" என்றார்.

வண்டி கழுவும் பவுனம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னொருக்கா பாருங்களேன் சார்."

"நீயே பாரு. கண்ணாடியைக் கழட்டாம கண்டுபிடி. முடியலைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பட்டறை வாசலில் தினமும் கோலம் போடுபவளும் அவள்தான். அந்த மாவையே எடுத்து வந்து, உள்ளே கண்ணாடியைச் சுற்றியும் மேலேயும் தடவினாள். வெளியிலிருந்து குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

கண்ணாடி ஓரத்து மாவு அப்படியே இருந்தது. அதற்கு மேலே கூரையோரம் பதித்திருந்த பிரேக் விளக்கிலிருந்து மட்டும் ஒரு கோடு கரைந்து இறங்கியிருந்தது.

"நீங்க சொன்னது சரிதான் சார். ஓட்டை உங்க வேலையில இல்ல, நீங்க கை வைக்காத இடத்துல இருக்கு."

கனகசபை விளக்கைக் கழற்றிப் புது ரப்பர் வைத்தார். பிறகு இருளப்பனின் மனைவி உட்காரும் இடத்தில் போய்ச் சாய்ந்துகொண்டார்.

"அடிம்மா தண்ணியை."

பவுனம்மாள் பத்து நிமிடம் அடித்தாள். அவர் இறங்கி வந்து இருளப்பனுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"தொட்டுப் பாருப்பா."